எஸ்கேப் ஆனது யாரோடு

மாதா துணை
மண்டைதீவு

அன்பு மகள் அஞ்சலாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், காற்று மாறினால் மட்டும் அப்பாவின் முழங்கால் அவருடைய சொல்லுக் கேளாது. நீயும் மருமகனும் சுகமாயிருக்க அந்தோனியாரை மன்றாடுகிறேன், உன் மாமிக்காகவும் மன்றாடுகிறேன், ஆனால் உங்கள் இரண்டு பேருக்கும் பிறகுதான். போன் இருக்க இந்த மனுசி ஏன் கடிதம் எழுதுகிறா என்று நினைப்பாய். போனில் நான் வாய் திறந்தால் உன் மாமி பின்னால் நின்று சம்பந்தி சுகமோ என்று முகத்தை நீட்டுகிறா, பிறகு நான் எதைக் கதைக்கிறது. ரொறன்ரோவுக்கு வருகிற சரவணை ரீச்சரிடம் இதைக் கொடுத்து விடுகிறேன், தனிய இருந்து வாசி.

விசயம் நீ பேஸ்புக்கில் போட்ட படம். அதன் மேலே இங்கிலிசில் ஒரு வரி இருந்தது. எனக்கு எழுத்துக் கூட்டத்தானே தெரியும், கடைசிச் சொல்லைக் கூட்டிப் பார்த்தால் அம்மா என்று வந்தது. சந்தோசத்தில், என்னுடைய பழைய படம் ஏதோ போட்டிருக்கிறாய் என்று விரலால் தள்ளிப் பார்த்தால், வாவிக்கரையில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உன் தோளில் கை வைத்தபடி உன் மாமி. அவவுக்கு எப்ப தொடக்கம் அம்மா என்று பெயர். அது போதாதென்று வரியின் தொடக்கத்தில் எஸ்கேப் என்று ஒரு சொல். அது எனக்குத் தெரிந்த சொல்தான், வலையில் ஓட்டை விழுந்தால் அப்பா கரைக்கு வந்து நண்டெல்லாம் எஸ்கேப் என்றுதான் சொல்லுவார். அப்ப நீ எதில் இருந்து எஸ்கேப், நான்தான் அந்த வலையோ என்று அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்கு இங்கிலிசு படிப்பிக்கிற ஜோர்ஜ் மாஸ்டரிடம் போனைக் கொண்டுபோய் நீட்டினேன், எஸ்கேப் ரு த லேக் வித் அம்மா என்று வாசித்தார். அவர் சொன்னார், எஸ்கேப் எண்டது தப்புறது எண்ட வினைச்சொல் திரேசம்மா, மறியல்வீடு, நெருப்பு, சண்டை, அதுகளிலை இருந்து தப்புறதுக்குச் சொல்லுறது, இப்ப வேலைக் களைப்பை விட்டிட்டு எங்கையாவது போய் ஆறிப்போட்டு வாறதுக்கும் சொல்லுறவை எண்டு. அதுக்குப் பின்னாலை ரு போட்டால் எங்கை தப்பிப் போனது, வித் போட்டால் ஆரோடு, ஃப்ரொம் போட்டால் எதை விட்டு. நீ வாவிக்கு ரு போட்டாய், மாமிக்கு வித் போட்டாய், ஃப்ரொம் போடவில்லை. எழுதாட்டிலும் அது பின்னாலை நிக்கும் என்றார், பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, வேலைக் களைப்பாத்தான் இருக்கும் என்று சமாளித்தார்.

சரி, ஃப்ரொம்மை விட்டுத் தள்ளு. எனக்கு எரிகிறது வித்தில். ஓம், எரிகிறதுதான், உன்னிடம் ஒளித்து என்ன. அந்தச் சொல்லின் சரியான கருத்தில் நீ ஒருக்கால்தான் எஸ்கேப் ஆகியிருக்கிறாய். ஆமி வந்து இறங்க, இந்தத் தீவை விட்டுச் சனமெல்லாம் ஓடின அன்று நீ கைக்குழந்தை. அப்பா வள்ளத்தைத் தள்ள, நான் உன்னை நெஞ்சோடு சேர்த்துச் சீலையால் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கினேன். நீ அழுதால் எல்லாருக்கும் ஆபத்து என்று பால் தந்தபடியே தண்ணீருக்குள் நடந்தேன். அன்றைக்கு உன்னோடு நின்றது எந்த அம்மா. உன் மாமி அப்ப ரொறன்ரோவில் ஹீற்றர் போட்டுப் படுத்திருந்திருப்பா. அவ உன்னை நல்லாய்ப் பார்க்கிறா என்றும் எனக்குத் தெரியும், நீ காய்ச்சலாய்க் கிடந்தபோது கட்டிலடியில் கதிரை போட்டு இரவிரவாய் முழித்திருந்தவ என்று மருமகன் சொன்னவர். அதுதான் இன்னும் எரிகிறது, அந்தக் கதிரையில் இருந்திருக்க வேண்டியவள் நான்.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ. ரீச்சரிடம் கறித்தூள் கொடுத்து விடுகிறேன், மாமியிடம் சமைக்கக் கொடுத்துவிடாதே, நீயே குசினியில் நின்று வை. திருவிழாவுக்கு லீவு கேள், இந்த முறை ரு போடுகிற இடத்தில் மண்டைதீவு என்று போடு. மாமியையும் கூட்டிக்கொண்டு வா, நான் ஒன்றும் சொல்லமாட்டேன், நல்ல நண்டாய்ப் பார்த்துக் காய்ச்சிக் கொடுக்கிறேன். ஆனால் வள்ளத்துறையில் நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது அம்மா என்று ஒருக்கால் கூப்பிடு, ஆர் திரும்பிப் பார்க்கிறது என்று பார்ப்பம். மாதா உன்னைக் காக்கட்டும்.

ஃப்ரொம்,
உன்னைப் பெற்ற அம்மா
திரேசம்மா