கோட்டு தோள்ல நிக்கலையே

என் வாயாடி டாக்டரம்மாவுக்கு அப்பன் எழுதுறது. இங்க உங்கம்மா திட்டுறதுக்குத் தெம்பா இருக்கா, நான் வாங்கிக்கிறதுக்குத் தெம்பா இருக்கேன். உன்னைக் கேட்டா மட்டும் நல்லா இருக்கேன்ப்பான்னு போனை வெச்சுடுறே, அதான் வெக்க முடியாதபடி எழுதுறேன்.

போன வாரம் போன்ல முகம் காட்டுனப்ப நான் தைச்சுக் குடுத்த வெள்ளைக் கோட்டைப் போட்டிருந்தே. ஆஸ்பத்திரியில பயிற்சி இடத்துக்கு நேர்காணல் முடிஞ்சுதுன்னு சிரிச்சே. உங்கம்மா உன் சிரிப்பைப் பார்த்தா, நான் கோட்டைப் பார்த்தேன். தோள் தையல் கைப்பக்கம் இறங்கித் தொங்குது. உன் உடம்புல அளவெடுத்து வெட்டினது, துணி தானா பெருசாகாதுடி. மருந்துக் கடைக்காரர்கிட்ட விசாரிச்சேன். நீ இருக்கிற நாட்டுல படிச்சு முடிச்ச டாக்டருங்க ஏகப்பட்ட பேராம், பயிற்சிக்கு இடம் கொஞ்சமாம், பயிற்சி இல்லாம ஊசியைத் தொடக்கூடாதாம். பஸ்ஸுல சீட்டு இல்லைன்னா நின்னுக்கிட்டே போறோம், இவங்க அதுக்கும் விடமாட்டாங்களான்னு கேட்டேன், மனுஷன் சிரிக்கலை. அங்க டாக்டராக எழுதிப் பாஸான போர்டு பரீட்சைக்கும் இருமல் மருந்து மாதிரி காலாவதி உண்டுன்னார். அப்ப நான் சிரிக்கலை.

உன்கூடப் படிச்ச நெட்டையனுக்கு ரெண்டாவது தடவையும் இடம் கிடைக்கலை. போனை அணைச்சுட்டு, இங்க வீட்டு அறையில தாழ்ப்பாள் போட்டுப் படுத்தவனை அவங்கப்பா கதவுக் கீலைக் கழட்டித்தான் வெளிய கொண்டுவந்தார். இப்ப சாப்பிடுறான், பேச்சுதான் இல்லை. அவருக்கு அந்தக் கதவு பக்கத்துல இருந்துச்சு. உனக்கும் இது ரெண்டாவது தடவை. கடல் தாண்டி இருக்கிற உன் கதவுக்கு நான் எங்கேருந்து திருப்புளியைத் தூக்கிக்கிட்டு ஓடிவருவேன். அதைக் கேட்ட அன்னைக்கு பேங்க்காரர் சட்டைக்கு ரெண்டு கையையும் இடது கையாவே வெட்டிட்டேன். என்ன மாஸ்டர், எனக்கு வலது கை வேண்டாம்னு முடிவு பண்ணிட்டீங்களான்னார். லோன் கேக்குறவங்களைப் போ போன்னு விரட்டுற கைதானே, கொஞ்சம் ஓய்வு குடுங்கன்னு சமாளிச்சேன். உங்கம்மா அந்தச் சட்டைக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. திட்டலை. அதுதான் எனக்கு ரொம்பப் பயமாப் போச்சு.

இடம் கிடைச்சா சந்தோஷம். இல்லைன்னா இன்னொரு தடவை பாரு, முடியலைன்னா வந்துடு, கடையில பட்டன் கட்ட ஆளில்லை, டாக்டர் கட்டின பட்டன்னு கூடுதலாக் காசு வாங்குவேன். தாழ்ப்பாள் மட்டும் போடாதே. ரிசல்ட்டைச் சொல்ல வாய் வரலைன்னா சொல்லாதே. அறையில கூட இருக்கிற பொண்ணை டேப் பிடிக்கச் சொல்லி தோளளவும் இடுப்பளவும் அனுப்பு. நீயே பிடிக்காதே, டேப்பைத் தளர விட்டுடுவே கள்ளி.

நல்லா இரு, சாமி உன்னைக் கண்ணுல வெச்சுப் பார்த்துக்கட்டும். கோட்டைப் பிரிச்சுச் சின்னதாக்கிக் குடுன்னு மட்டும் கேக்காதே, தரமாட்டேன். நீதான் அதுக்குள்ள பழையபடி நிறையணும்.

உன் கத்திரிக்கோல் அப்பன்