சுவரில் இருந்த யொரூபா முகம்

இன்று காலை வெள்ளவத்தையில் உன் வீட்டுக் கதவு திறந்ததும் புதுப் பெயின்ற் மணம் மூக்கில் அடித்தது. வரவேற்பறைச் சுவரில் அந்த மரமுகத்தைக் காணவில்லை. ஆணிகூட இல்லை.

"அதெங்க பிள்ளை?" என்று உன் மகளைக் கேட்டேன்.

"பழைய சாமான் எடுக்கிறவரிட்டக் குடுத்திட்டன் அன்ரி. கொட்டாஞ்சேனையில கடை வச்சிருக்கிறார். அந்தக் கன்னத்துக் கீறலைப் பார்த்து என்ர சின்னவன் பயப்பிடுறான்."

"அது நீ பிறந்ததுக்குத் தந்த பரிசடி! அம்மா சொல்லேல்லையே?"

"சும்மா நைஜீரியாச் சாமான் எண்டுதான் சொன்னவ."

என் கோபம் முழுவதும் உன் பக்கம் திரும்பிவிட்டது.

நைஜீரியாவில் நாம் இருவரும் படிப்பித்த, யொரூபா மக்கள் வாழும் அந்த ஊரில், மழைவெள்ளம் பாலத்தை அடித்துக்கொண்டு போன பகலில்தான் உனக்கு வலி எடுத்தது. ஆஸ்பத்திரிக்கு வழியில்லை. அயல்வீட்டில் இருந்த கிழங்கு விற்கும் பெண், தன் சந்தைக் கூட்டாளிகளையும் கூட்டிக்கொண்டு ஓடிவந்தாள். பிறந்த பிள்ளை நீலம் பாரித்துச் சத்தமில்லாமல் கிடந்தது. எனக்குப் பார்க்கத் துணிவில்லை. அவள்தான் பிள்ளையின் வாயில் வாய் வைத்து உறிஞ்சித் துப்பி, முதுகைத் தேய்த்துத் தேய்த்து அழவைத்தாள்.

பிறகு அந்த ஊரில் தாய்மாரைப் போற்றும் ஆட்டம் வந்தது. ஆண்கள் பெண்ணுடை உடுத்து, மரமுகங்களைத் தலையில் தாங்கி ஆடினார்கள். அவளுடைய தம்பி அந்த முகங்களைச் செதுக்குகிறவன். உனக்கென்றே ஒன்று செய்து தந்தான்: தலைத்துணி கட்டிய அமைதியான பெண்முகம், உச்சியில் பிள்ளையைச் சுமந்த ஒரு தாய். அதன் கன்னத்தில் இருந்த கீறல்கள், அந்தக் கிழங்குக்காரியின் கன்னத்திலும் இருந்த குல அடையாளங்கள்தான். விமானத்தில் அதை நீ மடியில் வைத்துக்கொண்டு வந்தாய்.

இங்கே உன் மாமியார் அதைப் 'பேய்முகம்' என்றபோது நீ வாய் திறக்கவில்லை. "பிள்ளைக்காவது சொல்லன்" என்று எத்தனை தரம் உன்னோடு மல்லுக்கட்டினேன்! "பிறகு ஆறுதலாச் சொல்லுவம்" என்பாய். எந்தப் பிறகு? கடைசியாக ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதுகூட நீ மகளோடு கதைத்தது காஸ் சிலிண்டரைப் பற்றித்தான்.

மகளை இழுத்துக்கொண்டு ஓட்டோவில் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். கடைக்காரர் தலையைச் சொறிந்தார்.

"அது போயிடுச்சு மிஸ். பழைய அம்பலாங்கொடை முகமூடின்னு ஒரு ஹோட்டல்காரரு கொண்டு போயிட்டாரு."

"அது ஆபிரிக்காவில இருந்து வந்தது ஐயா!"

"நமக்கு என்னா தெரியும் மிஸ்? அவரு பேரும் கேக்கல."

இனி ஏதோ ஒரு ஹோட்டல் சுவரில், அம்பலாங்கொடையில் செதுக்கிய பேயோட்டும் முகம் என்று அதன் முன் நின்று படம் எடுப்பார்கள்.

திரும்பி வரும்போது பம்பலப்பிட்டியில் வாகன நெரிசல். உன் மகள் என் கையைப் பிடித்தாள். "அன்ரி, முதல்ல இருந்து சொல்லுங்கோ." சொன்னேன். மழை, பாலம், அந்த முதல் அழுகை எல்லாம். நாற்பது வயது கடந்தவள், ஓட்டோக்காரர் திரும்பிப் பார்க்குமளவுக்கு விம்மி அழுதாள்.

பிறகு கேட்டாள்: "அந்த அம்மாவின்ர பேர் என்ன?"

எனக்குத் தெரியாது. நான் அவளை 'ஈயா' என்றுதான் கூப்பிட்டேன். அவர்கள் மொழியில் அதற்கு அம்மா என்று பொருள். அவள் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவள் நீ ஒருத்திதான். உன் மகளின் அந்தக் கேள்வி இப்போது என்னிடம் இருக்கிறது. கேட்க நீ இல்லை.