பெருங்குடலும் ஸ்மார்ட் போர்டும்

அன்பு மகனுக்கு,

இங்கே நானும் அப்பாவும் சுகம், உன் சுகத்தையும் அதைவிட முக்கியமாக உன் வயிற்றின் சுகத்தையும் அறிய ஆவல். போனை எடுக்க மாட்டேன் என்று நீ முறுக்கிக்கொண்டு இருப்பதால்தான் இந்தக் கடிதம், கிழிக்காமல் கடைசிவரை படி.

அன்று நீ வீடியோவில் கூப்பிட்டபோது நான் வகுப்பில் இருந்தேன். ஆசிரியர்கள் கணினி, ஸ்மார்ட் போர்டு எல்லாம் எப்படிக் கையாளுகிறார்கள் என்று மதிப்பிட ஓர் அதிகாரியம்மா வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தேறாவிட்டால் வகுப்பைப் பிடுங்கிக்கொண்டு நூலகத்தில் உட்காரவைத்துவிடுவார்களாம். என் செல்போனை போர்டோடு இணைத்து, செரிமான மண்டலத்தின் படத்தைக் காட்டி, இரைப்பையைத் தாண்டிக் குடலுக்குள் இறங்கும் நேரம் பார்த்து நீ கூப்பிட்டாய். துண்டிக்கப் போய் எதையோ தட்டினேன், பரட்டைத் தலையும் கிழிந்த பனியனுமாகச் சுவர் அகலத்துக்கு நீயே வந்து நின்றாய். அம்மா, மூணு நாளா உள்ள போனது எதுவும் வெளிய வரலம்மா என்று நீ அழுத அழுகையில் பக்கத்து வகுப்புக் கணக்கு வாத்தியார் ஓடி வந்துவிட்டார். பிள்ளைகள் பெஞ்சைத் தட்டிச் சிரிக்கிறார்கள், எனக்கு உயிரே போய்விட்டது, ஆனாலும் வாய் சும்மா இருக்குமா, சரி, இந்த அண்ணனுக்கு அடைப்பு எங்கே, யார் சொல்வது என்று கேட்டுவிட்டேன். முன்வரிசை வாயாடி துள்ளி எழுந்து, பெருங்குடல் டீச்சர் என்றாள். நெறய தண்ணி குடிக்கச் சொல்லுங்க என்றான் ஒருவன். அதிகாரியம்மாவே எழுந்து நின்று, பப்பாளி சாப்பிடுப்பா என்றார்.

அப்போதுதான் அழைப்பு அறுந்தது. அம்மா மானம் போகுதுன்னு என்னைக் கட் பண்ணிட்டா என்று அப்பாவிடம் புலம்பினாயாமே. இல்லையடா. இத்தனை நாளாகப் போனில் உள்ளங்கை அகலத்தில் பார்த்த முகம் திடீரென்று என்னைவிடப் பெரிதாக எதிரே நிற்கிறது, கன்னம் ஒட்டிப்போய்க் கிடக்கிறது. பாடமும் மறந்தது, அதிகாரி இருப்பதும் மறந்தது, கன்னத்தைத் தொட்டுவிட்டேன். போர்டில் தொட்டாலும் அழைப்பை அறுக்கிற அந்தப் பாழாய்ப்போன சிவப்புப் பொத்தான் அங்கேதான் இருந்திருக்கிறது.

நான் தேறிவிட்டேன். பாடத்தை வாழ்க்கையோடு அருமையாக இணைத்தார் என்று அதிகாரியம்மா எழுதியிருக்கிறார். குறை ஒன்றே ஒன்றுதான், தேவையில்லாமல் திரையைத் தொடுகிறார் என்று.

நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு. தண்ணீர் குடி. அந்த அண்ணனுக்குப் போச்சா டீச்சர் என்று பிள்ளைகள் தினமும் கேட்கிறார்கள், அதற்காகவாவது கூப்பிடு. இந்த முறை கையைப் பின்னால் கட்டிக்கொண்டே பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உன்னைத் தொட்டுக் கெடுத்த அம்மா