தாலுகாவைத் தாண்டக் கூடாது

ஜூன் 9, 2025

தக்காளிக்கு இன்றைக்கும் விலை இல்லை. பாலக்கோடு மார்க்கெட் வரை கொண்டுபோன பெட்டிகளை வீட்டுக்காரர் அப்படியே திருப்பி ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். பாதியை மாட்டுக்குக் கொட்டினோம்.

கனி பள்ளிக்கூடம் போகவில்லை. வயிற்று வலியாம். போன வாரம் தலைவலி. பத்தாம் வகுப்பு, இப்போதுதான் திறந்திருக்கிறார்கள். எனக்குக் காரணம் தெரியும். குப்புராஜ் ஜெயிலிலிருந்து வந்த நாள் முதல் பஸ் ஸ்டாப் டீக்கடை பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறான். கனிக்கு ஒன்பது வயதில், பம்ப்செட் ரூமில் அவளிடம் நடந்துகொண்டதற்கு ஐந்து வருடம் தண்டனை. முடிந்துவிட்டது. அவனுக்கு முடிந்துவிட்டது.

ஜூன் 10

இன்றும் போகவில்லை.

ஜூன் 16

ஸ்டேஷனுக்குப் போனேன். இன்ஸ்பெக்டர் அம்மா நல்ல மாதிரி, உட்காரச் சொன்னார். "அடுத்த தெருவுல அவனை வெச்சுக்கிட்டு எம்பொண்ணு எப்படிங்க வெளிய வருவா? எங்கியாவது அனுப்பிருங்க" என்றேன்.

அனுப்ப முடியாதாம். அவனே போக நினைத்தாலும் முடியாதாம். இந்த மாதிரிக் குற்றத்தில் தண்டனை முடித்து வந்தவன் போலீஸ் பட்டியலில் இருக்கிற வரைக்கும் சொந்தத் தாலுகாவைத் தாண்டித் தங்கக் கூடாது, வாரம் ஒரு முறை கையெழுத்து. புது விதி.

"கண்காணிக்க வசதியா இருக்கட்டும்னு சட்டசபையில கொண்டுவந்ததும்மா. உங்க பொண்ணுகிட்டப் பேசினான், பின்னாடி வந்தான்னா சொல்லுங்க, அடுத்த நிமிஷம் தூக்கறேன். டீ குடிக்கறதுக்கு நான் என்ன பண்றது?"

வசதி. யாருக்கு வசதி?

ஜூன் 23

எழுதவே கை வரவில்லை.

காலையில் நானே கனியைத் தைரியம் சொல்லிக் கூட்டிக்கொண்டு போனேன். பஸ் ஸ்டாப்புக்குக் கொஞ்சம் முன்னால் குப்புராஜ் பெஞ்சை விட்டு எழுந்தான். எழுந்தான், அவ்வளவுதான். எங்கள் பக்கம் திரும்பக்கூட இல்லை. கனி என் கையை உதறிவிட்டுக் கரும்புத் தோட்டத்துக்குள் ஓடிவிட்டாள். தேடிப் பிடித்தபோது பாவாடை நனைந்திருந்தது. பதினைந்து வயதுப் பெண்.

அவரிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லிவிட்டேன். கொடுவாளை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார். நான் இடுப்பைக் கட்டிக்கொண்டு இழுபட்டேன். "வுடுடி, ஒரே வெட்டு, தீந்துரும்." எதிர்வீட்டு மாரப்பன் அண்ணன் மட்டும் ஓடிவந்து பிடுங்கியிருக்காவிட்டால் இந்நேரம் என்ன ஆகியிருக்கும்?

"நீங்க உள்ள போயிட்டா நானும் அவளும் என்னங்க பண்றது? யோசிச்சீங்களா?" என்று கத்தினேன். அவர் தெருவிலேயே உட்கார்ந்து அழுதார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் அழுது பார்த்ததில்லை.

ஜூன் 26

களை எடுத்துக்கொண்டிருந்தேன். வரப்பில் செல்லி வந்து நின்றாள். குப்புராஜின் மனைவி. கேஸ் நடந்தபோது கோர்ட்டு வாசலில் "பொய் சொல்றா உம்பொண்ணு" என்று மண்ணை வாரித் தூற்றியவள். அதற்குப் பிறகு இன்றுதான் என் எதிரில் வருகிறாள்.

"அக்கா, திட்டறதா இருந்தா திட்டிக்கங்க. நான் சொல்றத மட்டும் கேளுங்க. எங்க வூட்டுக்காரரோட அண்ணன் ஓசூர் பக்கம் பூத்தோட்டத்துல இருக்காரு. வரச் சொல்றாரு. இவரும் போறேங்கறாரு. விதி வுடமாட்டேங்குது. தர்மபுரி கலெக்டர் ஆபீசுக்குச் சட்டசபைக் குழு வருதாம், எம்எல்ஏங்க எல்லாம் வந்து மனு கேப்பாங்களாம். நான் குடுத்தா புருஷனுக்குப் பரிஞ்சு பேசறான்னுவாங்க. நீங்க சொன்னாத்தான் கேப்பாங்க."

"என் கண்ணு முன்னாடி நிக்காத" என்றேன். போய்விட்டாள்.

அவள் கேட்பதும் நான் கேட்பதும் ஒன்றுதான்.

ஜூலை 1

அவரிடம் மெதுவாகப் பேச்செடுத்தேன்.

"அவனுக்கு வழி வுடச் சொல்லி நீ போய்ப் பேசுவியா பானு? பெத்தவ பேசற பேச்சா இது? இங்கியே கெடக்கட்டும். போற வர்றவன் எல்லாம் காறித் துப்பட்டும். அதான் தண்டனை."

துப்புகிறார்கள்தான். அவனும் துடைத்துக்கொண்டு டீ குடிக்கிறான். வீட்டுக்குள் அடைந்து கிடப்பது யார்?

ஜூலை 4

கனி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். அடுப்படியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அவன் ஓசூருக்குப் போனா அங்க இருக்கற பொண்ணுங்களுக்கு யாரும்மா சொல்லுவாங்க?"

எனக்கு என் பெண் வெளியே வந்தால் போதும் என்றிருந்தது. அதற்கு மேல் நான் யோசிக்கவே இல்லை. இவள் யோசித்திருக்கிறாள்.

"அதையும் சேர்த்துச் சொல்றதா இருந்தாப் போம்மா. இல்லாட்டி வேணாம்."

ஜூலை 14

நான் மனு கொடுக்கப் போவது ஊருக்குள் தெரிந்துவிட்டது. குழாயடியில் நான் போனதும் பேச்சு நின்றது. "அவன்கிட்ட என்னத்த வாங்கினாளோ" என்று ஒரு குரல். யார் என்று பார்க்கவில்லை. பார்த்திருந்தால் குடத்தாலேயே அடித்திருப்பேன்.

அவர் மூன்று நாளாக என்னோடு பேசுவதில்லை.

ஜூலை 17

போய்விட்டு வந்தேன். மறப்பதற்குள் எழுதிவிட வேண்டும்.

காலையில் பஸ்ஸுக்குக் கிளம்பினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் வண்டியை ஸ்டார்ட் செய்தார். கலெக்டர் ஆபீஸ் வாசலில் நிறுத்தி, "இங்கியே நிக்கறேன்" என்றார்.

கூட்டம். பட்டா, முதியோர் பணம், தண்ணி வரவில்லை என்று ஒவ்வொருவராகப் போய் வந்தார்கள். என் முறை வந்ததும் "வெளியாளுங்க இருக்கக் கூடாதுங்க, எம்பொண்ணு விஷயம்" என்றேன். மற்றவர்களை அனுப்பினார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த செல்லியும் எழுந்தாள். ஏன் என்று எனக்கே தெரியவில்லை, "அவங்க இருக்கட்டுங்க" என்று சொல்லிவிட்டேன்.

யோசித்து வைத்ததெல்லாம் மறந்துபோனது. வாயில் வந்ததைச் சொன்னேன். "அவன் எங்க போகக் கூடாதுன்னு விதி போட்டீங்க. அவன் இருக்கற ஊருல யாரு இருக்காங்கன்னு பாத்தீங்களா? எம்பொண்ணு ஸ்கூலுக்குப் போயி ஒரு மாசத்துக்கு மேல ஆச்சுங்க."

ஒரு எம்எல்ஏ, வயதானவர், "நீங்க வேற ஊருக்குப் போயிரலாமேம்மா?" என்றார்.

"நாங்க என்ன தப்புங்க பண்ணோம்?"

அவர் தலை குனிந்துகொண்டார். பக்கத்தில் இருந்த பெண் எம்எல்ஏ கேட்டார்: "விதியைத் தளர்த்தினா குற்றவாளிக்குச் சலுகைன்னு பேசுவாங்க. அவன் போற ஊர்ல இன்னொரு குழந்தைக்கு ஏதாவது ஆனா யார் பதில் சொல்றது?"

"எம்பொண்ணும் இதேதாங்க கேட்டா. அவனைச் சும்மா அவுத்து வுடச் சொல்லல. எங்க போறான்னு எங்களைக் கேட்டுட்டு அனுப்புங்க. போற ஊரு போலீசுக்குத் தெரியணும், அக்கம்பக்கத்துக்கும் தெரியணும். எல்லாருக்கும் ஒரே கட்டா கட்டாதீங்க."

அந்த அம்மா செல்லியைப் பார்த்து, "நீங்க ஏதாவது சொல்லணுமா?" என்றார்.

செல்லி எழுந்தாள். "அந்தப் பொண்ணு அன்னிக்குச் சொன்னது நெசந்தானுங்க. நான்தான் பொய்யின்னேன்" என்றாள்.

வெளியே வந்ததும் வேப்பமரத்தடியில் வாந்தி எடுத்தேன். அவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார்.

ஜூலை 18

செல்லி சொன்னதைக் கனியிடம் சொன்னேன். "இப்பவா?" என்றாள். போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

ஆகஸ்ட் 29

ஒரு தகவலும் இல்லை. கனி வீட்டிலிருந்தே படிக்கிறாள். டீச்சர் நோட்ஸ் அனுப்புகிறார்.

அக்டோபர் 8

இன்ஸ்பெக்டர் அம்மா கூப்பிட்டுச் சொன்னார். விதியில் ஒரு திருத்தம் வந்திருக்கிறதாம். பாதிக்கப்பட்ட குடும்பம் கேட்டுக்கொண்டால், போகிற ஊர் ஸ்டேஷன் ஒப்புக்கொண்டால், தாலுகாவுக்கு வெளியே தங்கலாம்.

"அக்கம்பக்கத்துக்குச் சொல்றதுங்க?"

"அது இல்லம்மா. போலீசுக்கு மட்டும்தான்."

கனியிடம் மறைக்கவில்லை. அவளே பேனாவை எடுத்து என் கையில் கொடுத்தாள். ஸ்டேஷனில் கொடுத்த மனுவில் கையெழுத்துப் போட்டேன். சரியா தப்பா தெரியவில்லை.

அக்டோபர் 24

குப்புராஜும் செல்லியும் மினி லாரியில் சாமான் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அவர் வாசலில் நின்று லாரி மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்டோபர் 27

கனி பஸ் ஏறினாள்.

டிசம்பர் 6

மத்தியானம் தெரியாத நம்பரிலிருந்து போன். ஒரு பெண் குரல், கன்னடம் கலந்த தமிழ். ஓசூர் பக்கமிருந்து பேசுகிறாளாம்.

"பக்கத்து வூட்டுக்குப் புதுசா ஒரு குடும்பம் வந்திருக்குதுங்க. அந்தக்கா செல்லிதான் இந்த நம்பரைக் குடுத்தாங்க. 'எங்க வூட்டுக்காரரைப் பத்தி இவங்ககிட்டக் கேளு, என் வாயால சொல்ல வரமாட்டேங்குது'ன்னு அழுவறாங்க. என்ன ஏதுன்னு தெரியல. எங்க வூட்லயும் பொண்ணு இருக்குதுங்க."

சனிக்கிழமை, கனி வீட்டில்தான் இருந்தாள். நான் போனை எடுத்துக்கொண்டு வெளியே போகப் பார்த்தேன்.

"இங்கியே பேசும்மா" என்றாள்.

உட்கார்ந்தேன். அவள் பெண்ணுக்கு என்ன வயது என்று முதலில் கேட்டேன். எட்டு என்றாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன்.