கண்ணீர் அஞ்சலி ஒட்டிய பிறகு

என் தங்கம் அழகுமீனாவுக்கு,

அம்மா சோலையம்மாள் எழுதிக்கொண்டது. நீயும் மாப்பிள்ளையும் இருக்கன்குடி மாரியாத்தா புண்ணியத்தில் சுகமாக இருப்பீர்கள். என் செல்போனை உன் அண்ணன் தங்கப்பாண்டியன் தினமும் நோண்டுகிறான். அதனால்தான் கடிதம்.

நீ சரவணக்குமாரைக் கட்டிக்கொண்டு போனதும் உன் அப்பா திருத்தங்கலில் கண்ணீர் அஞ்சலி அச்சடித்து, சாத்தூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஒட்டினாரே, கேள்விப்பட்டிருப்பாய். படமாவது நல்லதாகப் போட்டாரா? பத்தாம் வகுப்பில் எண்ணெய் வழிய எடுத்த படம்! உயிரோடு இருக்கிற பிள்ளைக்குத் தலை முழுகச் சொன்னார்கள். முடியாது என்று அடுப்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்தப் போஸ்டரையெல்லாம் கிழிக்க வைத்தவர் இன்ஸ்பெக்டர் இசைவாணி அம்மாதான். போன மாதம் உன் அண்ணன் அரிவாளோடு நீங்கள் அப்போது இருந்த கோயம்புத்தூருக்குக் கார் எடுத்தபோது, பக்கத்துவீட்டுப் போனில் அவரிடம் சொன்னவள் நான். நாலுவழிச் சாலையிலேயே மறித்துப் பிடித்துவிட்டார். பெற்ற மகனைக் காட்டிக்கொடுத்தவள் என்று ஊர் பேசுகிறது. பேசட்டும். இரண்டு பேரையும் பெற்றவள் வேறு என்ன செய்வாள்? ஒரே வாரத்தில் ஜாமீனில் வந்துவிட்டான்.

சாதிவிட்டுக் கட்டிக்கொண்டவர்களைக் காக்கத் தனிச் சட்டம் வேண்டுமா என்று முந்தாநாள் விருதுநகரில் அரசாங்கத்து ஆட்கள் கூட்டம் போட்டுக் கருத்துக் கேட்டார்கள். மாப்பிள்ளை பட்டியல் சாதியாக இருந்தால் வன்கொடுமைச் சட்டம் உண்டாம். நம் இரண்டு வீட்டுக்கும் அது பொருந்தாதாம். போலீஸ்காரர்கள் இதைக் குடும்பச் சண்டை என்றுதான் சொல்வார்கள் என நினைத்தேன். இசைவாணி அம்மா காக்கி உடுப்போடு எழுந்து, “அருவா வச்சிருந்ததுக்குப் பிரிவு இருக்குய்யா. எந்த வெறியில எடுத்தான்னு எழுதத்தான் எங்களுக்கு இடமில்ல. அந்தச் சட்டத்தக் குடுங்க” என்று கேட்டார். நானும் எழுந்து, “நான் அவன் ஆத்தா. அந்தம்மா சொல்றது நெசம்” என்றேன்.

வெளியே வந்து அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். என் கையைப் பிடித்து இறக்கிவிட்டு, “நீங்க போன் போட்டீக, அதான் புடிச்சேன்” என்றார். மகராசி நல்லா இருக்கணும். அவர் இல்லையென்றால் அந்தப் போஸ்டர் உண்மையாகியிருக்கும்.

உன் அப்பா அன்றிலிருந்து என் கையால் சாப்பிடுவதில்லை. போகிறார், எனக்குச் சமையல் வேலை மிச்சம்.

உனக்கு ஏழாம் மாதம் என்று இசைவாணி அம்மா சொன்னார். அடியே, என்னிடம் ஒரு வார்த்தை! வளைகாப்புக்கு வர முடியவில்லை. கண்ணாடி வளையலும் புளியோதரைப் பொடியும் இந்தக் கடிதத்தோடு அவரிடம் கொடுத்திருக்கிறேன். மாப்பிள்ளையையே போட்டுவிடச் சொல். அவரையும் நான் கேட்டதாகச் சொல்.

தீர்க்காயுசாக இரு தாயி. பிள்ளை பிறந்ததும் ஆணா பெண்ணா, யார் சாயல் என்று எல்லாம் எழுது. எந்த ஊரில் இருக்கிறாய் என்று மட்டும் நான் அழுது கேட்டாலும் சொல்லாதே.

உன் அம்மா,
சோலையம்மாள்