அடுத்தவர் பல்லும் என் பல்லும்

மார்ச் 4
போட்டோ ஸ்டுடியோவில் இன்றும் அதே பிழைப்பு. பின்னறையில் உட்கார்ந்து, படத்தில் சிரிக்கிறவர்களின் பல்லைக் கம்ப்யூட்டரில் வெள்ளையாக்கினேன். முன் கவுண்ட்டர் பெண் வேலையை விட்டுப் போகிறாளாம். அந்த இடம் எனக்கு வேண்டும் என்று முதலாளியிடம் கேட்டே விட்டேன். ஏற இறங்கப் பார்த்தார். "கஸ்டமர்கிட்ட சிரிச்சுப் பேசணும்மா. உன் பல்லு மஞ்சளா இருக்கே?"

மூஞ்சியில் அறைந்த மாதிரி இருந்தது.

மார்ச் 6
நாத்தனாருக்குத் தெரியாத வைத்தியம் உண்டா! "எலுமிச்சம்பழத்துல சமையல் சோடாவக் கலந்து நல்லா அழுத்தித் தேயுங்க அண்ணி. பளபளன்னு ஆயிடும்." தேய்த்தேன். நுரை பொங்கியது. பல் வழவழவென்று இருக்கிறது. சந்தோஷம்தான்.

மார்ச் 13
தினமும் இரண்டு வேளை தேய்க்கிறேன். நேற்று திருத்திய மணப்பெண்ணின் படத்தைத் திரையில் வைத்துக்கொண்டு, கண்ணாடியில் என் பல்லைப் பார்த்தேன். கிட்டக்கூட வரவில்லை. அந்த வெள்ளையைப் போட்டதே நான்தானே — அது ஏன்டி உனக்கு உறைக்கல? என்னையே திட்டிக்கொண்டும், இன்று கரித்தூளும் சேர்த்தேன்.

மார்ச் 19
தண்ணீர் பட்டாலே உயிர் போகிறது. ஈறில் ரத்தம்.

மார்ச் 22
பல் டாக்டரம்மா பிடிபிடியென்று பிடித்துவிட்டார். "எலுமிச்சை பல்லோட மேல்பூச்சை அரிச்சிடும். அதுமேல கரியும் சோடாவும் போட்டுத் தேய்ச்சா என்ன மிஞ்சும்? உள்ள இருக்கறது மஞ்சள்தான். தேயத் தேய அதுதான் தெரியும்." போன பூச்சு திரும்ப வராதாம். இனிமேல் மெல்லிய பிரஷ், ஃப்ளோரைடு பேஸ்ட், அழுத்தாமல் இரண்டு வேளை. கறை இருந்தால் அவரிடமே வந்து சுத்தம் செய்துகொள்ளலாம். "உன் பல்லோட நிறமே அதுதான்மா. நல்லா இருந்த பல்லு."

இருந்த! வழியெல்லாம் அழுதேன்.

நாத்தனார் சொல்கிறாள், "போன்ல பாத்ததச் சொன்னேன். நான் எங்க தேய்ச்சேன்?" நல்லா இரு தாயே!

ஏப்ரல் 2
கவுண்ட்டருக்குப் புதுப் பெண் வந்துவிட்டாள். கடை வாசல் போர்டில் போட அவள் படத்தை முதலாளி எனக்கு அனுப்பினார். பெரிதாக்கிப் பார்த்தேன். அவள் பல்லும் மஞ்சள். என் பழைய பல்லைவிட ஒரு படி கூடுதல்.

நேரே முதலாளியிடம் போய்க் கேட்டேன்.

"அதை நீ வெள்ளையாக்கிட மாட்டியா? நீ முன்னாடி வந்துட்டா பின்னாடி வேலைய யாரு பாக்கறது? முடியாதுன்னு சொன்னா மனசு கஷ்டப்படுமேன்னுதான் அன்னிக்குப் பல்லைச் சொன்னேன்."

சிரிக்கிறார் மனுஷன்! என் இடத்துக்குத் திரும்பினேன். அவள் பல்லை வெள்ளையாக்கி அனுப்பிவிட்டேன்.