சேலா பிறந்ததற்கு ஒரு சாட்சி

4 மார்ச் 2013
பெர்னிஸ் அத்தை வீடு

அன்புள்ள அப்பாவுக்கு,

சேலா எழுதுகிறேன். நானும் தங்கை லிண்டியும் நலம். அத்தை உங்களைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. ஆனால் நேற்று உங்கள் கம்பளிக் காலுறைகளைத் தேடி எடுத்துத் துவைத்து மடித்து வைத்தாள். சிறையில் வாங்கிக்கொள்ள மாட்டார்கள் என்றேன். "உங்கப்பனுக்கு யாரு துவைச்சா? நாத்தம் தாங்கலை, துவைச்சேன்" என்றாள். தம்பி மேல் இருக்கிற கோபம் கொஞ்சமும் குறையவில்லை.

மாடுகளைப் பக்கத்துப் பண்ணை ஓரின் பார்த்துக்கொள்கிறார். சிவப்புக் கிடாரி நேற்று முன்தினம் கன்று போட்டது. பனி இன்னும் வேலிக் கம்பி உயரத்துக்குக் கிடக்கிறது.

உங்களைப் பிடித்து ஐந்து வாரம் ஆகிறது. நீங்களே பெயிண்ட் அடித்து வண்டியில் மாட்டிய நம்பர் பலகைக்காக யாரையும் இத்தனை நாள் அடைத்து வைக்க மாட்டார்களாம். நீங்கள் உள்ளே இருப்பது பெயர் சொல்லாததால்தான். அன்றைக்கு நீதிபதி எவ்வளவு பொறுமையாகச் சொன்னார்! "பேரைச் சொல்லுங்க, இந்தத் தாள்ல கையெழுத்துப் போடுங்க, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிடலாம்." நீங்கள் நிமிர்ந்து நின்று, "பெரிய எழுத்துல அச்சடிச்சிருக்கிற அந்தப் பேர் அரசாங்கம் செஞ்ச காகித ஆள். நான் உயிருள்ள மனுஷன். எங்களுக்குள்ள ஒப்பந்தம் கிடையாது" என்றீர்கள். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். திரும்பி அவரை முறைத்தேன். ஆனால் அப்பா, எனக்கும் வெட்கமாகத்தான் இருந்தது.

இப்போது என் விஷயம். போன மாதம் எனக்குப் பதினெட்டு முடிந்தது. கால்நடை உதவியாளர் படிப்பில் சேரக் கல்லூரிக்குப் போனேன். பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். இல்லை என்றேன். மருத்துவ அட்டை? இல்லை. பள்ளிக்கூடப் பதிவு? வீட்டிலேயே படித்தேன், பதிவு இல்லை. அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "நீ இங்கேதான் பொறந்தேன்னு எப்படிம்மா தெரியும்?" என்று கேட்டாள்.

என் பிறப்பைப் பதிவு செய்யச் சொல்லி நீதிமன்றத்தில் மனுப் போட்டிருக்கிறேன். நான் பிறந்ததைக் கண்ணால் பார்த்தவர் ஒருவராவது சொல்ல வேண்டுமாம். அம்மா போய் நான்கு வருடம் ஆகிவிட்டது. நான் பிறந்தபோது அத்தை உங்களோடு பேச்சு வார்த்தை இல்லாமல் வேறு மாகாணத்தில் இருந்தாள். நீங்கள் ஒருவர்தான் மிச்சம். ஏப்ரல் பதினாறு, செவ்வாய்க்கிழமை. சிறையிலிருந்தே திரை வழியாகப் பேசலாம். பேசுவீர்களா?

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்
சேலா

—

11 மார்ச் 2013

ஹோல்ம் குடும்பத்தைச் சேர்ந்த, கார்னெட் என்று அழைக்கப்படும் உயிருள்ள மனிதன், எந்த உரிமையையும் விட்டுக்கொடுக்காமல் தன் மகளுக்கு எழுதுவது.

என் கண்ணு சேலா,

உறையின் மேலே சிவப்பு மையில் என் கட்டைவிரல் ரேகை இருக்கும். பயப்படாதே, ரத்தம் இல்லை. பைபிள் வகுப்பு எடுக்க வருகிற பெரியவரிடம் மை கடன் வாங்கினேன்.

கன்று கிடாரியா காளையா என்று எழுதவில்லையே? அதைத்தானே முதலில் எழுத வேண்டும்! ஓரினிடம் சொல், தாய் மாட்டின் இடது மடியைப் பார்க்கச் சொல். போன வருடமே அதில் கட்டி இருந்தது.

இங்கே காப்பி என்று ஒன்று தருகிறார்கள். நம் குட்டைத் தண்ணீர் அதைவிடத் தேவலை. என் அறையில் இருக்கிறவன் மூன்று கடையை உடைத்தவன். "பேர் சொன்னா விட்டுடுவாங்களா? எனக்கு மட்டும் அப்படி ஒரு வாய்ப்புக் கிடைச்சா உங்க பேரையும் சேர்த்துச் சொல்லிட்டுப் போயிடுவேன் பெருசு" என்கிறான். அவனுக்குப் புரியாது. உனக்குப் புரியும். பிறப்பைப் பதிவு செய்வது என்றால் பிள்ளையை அவர்கள் கையில் எழுதிக் கொடுப்பது. உன்னை நான் யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. இந்த நாட்டில் யாருக்கும் சொந்தமில்லாத பெண்கள் இரண்டே பேர், இருவரும் என் மகள்கள். அதைப் போய் நீயே அழிக்கிறேன் என்கிறாயே.

ட்வைட் இதற்கென்று தனியாக ஒரு படிவம் வைத்திருக்கிறார். ஹோட்டல் கூடத்தில் வகுப்பு எடுத்தாரே, அவர்தான். பன்னிரண்டு பக்கம். என் மேசை இழுப்பறையில் ஒரு பிரதி இருக்கிறது. அதைக் கல்லூரிக்கு அனுப்பு. மூன்று முறை அனுப்பியும் அவர்கள் மறுக்காவிட்டால் ஒப்புக்கொண்டதாக அர்த்தம்.

லிண்டிக்கு முத்தம். பெர்னிஸிடம், காலுறைக்கு நன்றி என்று நான் சொல்லவில்லை என்று சொல்.

அப்பா

—

19 மார்ச் 2013

அன்புள்ள அப்பாவுக்கு,

கன்று கிடாரிதான். மடியை ஓரின் பார்த்தார், ஒன்றுமில்லை.

ட்வைட்டைப் பற்றி நீங்கள் கேள்விப்படவில்லை போலிருக்கிறது. போன வெள்ளிக்கிழமை அவரையும் பிடித்தார்கள். படிவம் விற்ற வழக்கு. அத்தையின் தோழி ஒருத்தி நீதிமன்றத்தில் தட்டச்சு செய்கிறாள், அவள் எதிரிலேயே நடந்தது. நீதிபதி பெயர் கேட்டதும் ட்வைட் எழுந்து முழுப் பெயரையும் சொன்னாராம். முகவரியும் பிறந்த தேதியும் கேட்பதற்கு முன்பே சொன்னாராம். பக்கத்தில் கறுப்பு அங்கி போட்ட வக்கீல். நிஜ வக்கீல், அப்பா. சாயங்காலம் வீட்டுக்குப் போய்விட்டார்.

நீங்கள் அவருடைய பன்னிரண்டு பக்கத்தை நம்பி ஏழு வாரமாகக் குட்டைத் தண்ணீர் குடிக்கிறீர்கள்.

நான் யாருக்கும் சொந்தமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். போன கோடையில் வேலியிலிருந்து விழுந்து மணிக்கட்டு உடைந்தபோது நீங்களே பலகை வைத்துக் கட்டினீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் அட்டை கேட்பார்கள் என்றீர்கள். கை கோணலாகத்தான் கூடியிருக்கிறது. இந்தக் கடிதத்தை எழுதும்போதும் வலிக்கிறது. யாருக்கும் சொந்தமில்லாத கை இப்படித்தான் இருக்குமா?

படிவத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். எனக்கு வேண்டியது உங்கள் சாட்சி.

சேலா

—

27 மார்ச் 2013

சேலா,

ட்வைட் பயந்தாங்கொள்ளி என்றால் அது ட்வைட்டின் குறை. அவர் சொன்னது பொய்யாகிவிடாது. நான் ட்வைட்டுக்காக நிற்கவில்லை. அவருக்கு முன்பே நான் இப்படித்தான்.

உனக்கு ஒன்று சொல்கிறேன். உன் அம்மா சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இத்தனை நாள் சொல்லவில்லை. உனக்கு முன்னால் ஒரு பையன் இருந்தான். ஹென்ரிக். தொண்ணூற்று மூன்றாம் வருடம் ஆஸ்பத்திரியில் பிறந்தான், இரண்டு நாள் இருந்தான். மூன்றாவது நாள் என்னைப் பதிவு அறைக்குக் கூப்பிட்டார்கள். மேசையில் இரண்டு தாள். ஒன்று பிறந்ததற்கு, ஒன்று செத்ததற்கு. அங்கே இருந்தவள் தலையே நிமிரவில்லை. "முதல்ல இதுல போடுங்க, அப்புறம் அதுல. மாத்திப் போட்டுடாதீங்க, திரும்ப அடிக்கணும்" என்றாள். போட்டேன். வெளியே வந்து வண்டி ஓட்ட முடியாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். இனி என் பிள்ளை எவள் மேசைக்கும் போகாது என்று அன்றைக்கு முடிவு செய்தேன். மற்ற எல்லாம் பிறகு ட்வைட்டிடம் கற்றுக்கொண்டது.

உன் கையைப் பற்றி எழுதியிருந்தாய். இரண்டு நாள் சாப்பிடப் பிடிக்கவில்லை. ஆனாலும் வர மாட்டேன். என் வாயால் என் பெயரை அவர்கள் வாங்க முடியாது.

அப்பா

—

3 ஏப்ரல் 2013

அப்பா,

உங்கள் கடிதத்தை அத்தையிடம் காட்டினேன். அவளுக்கும் தெரியாதாம். சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு ரொம்ப நேரம் நின்றாள். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா இவன்? அடுத்த பஸ்ஸுல வந்திருப்பேனே" என்றாள்.

எனக்கு ஒரு அண்ணன் இருந்தான் என்று தெரிந்ததில் அழுதேன். அழுது முடித்த பிறகு கோபம் வந்தது. அதை உங்களிடம் மறைக்கப் போவதில்லை.

இரண்டே நாள் இருந்தவனுக்கு இரண்டு தாள் இருக்கிறது. நாளைக்கே யார் போய்க் கேட்டாலும், ஆமாம், ஹென்ரிக் ஹோல்ம் என்று ஒருவன் இந்த ஊரில் பிறந்தான் என்று சொல்வார்கள். பதினெட்டு வருடம் உங்களோடு பால் கறந்து, வேலி கட்டி, அம்மாவைப் புதைக்கும்போது உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு ஒன்றுகூட இல்லை.

அந்தப் பெண் உங்களிடம் அப்படிப் பேசியது தப்பு. அதற்காக என்னை ஒளித்து வைத்ததும் தப்பு.

பதினாறாம் தேதி நான் போகிறேன். நீங்கள் வந்தாலும் போகிறேன், வராவிட்டாலும் போகிறேன். அன்றைக்குத் தோற்றால் திரும்ப மனுப் போடுவேன். எதிர்த்து நிற்க நீங்கள்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள்.

சேலா

—

17 ஏப்ரல் 2013

அன்புள்ள அப்பாவுக்கு,

நேற்று நீங்கள் திரையில் தெரிவீர்கள் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. என் கடிதத்துக்குப் பதில் வராததால் அத்தை காலையிலேயே, "அவன் வர மாட்டான், நீ ரொட்டியைத் தின்னு" என்று சொல்லிவிட்டாள். உங்கள் முகம் வந்ததும் அவள் என் கோணல் கையை அப்படியே நெரித்துவிட்டாள்.

உங்கள் பக்கத்திலிருந்து எங்களைச் சரியாகப் பார்த்திருக்க முடியாது. அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

நீங்கள் வழக்கம்போலத் தொடங்கினீர்கள். "எந்த ஒப்பந்தத்துக்கும் உட்படாம, தனிப்பட்ட முறையில..." என்று முழுவதையும் சொன்னீர்கள். நீதிபதி அம்மா கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். நீங்கள் மூச்சு வாங்கியபோது, "எழுதிக்கிட்டேன் ஐயா. இதுமாதிரி நூத்துக்கணக்குல கேட்டிருக்கேன். எந்த நீதிமன்றமும் ஒரு தடவைகூட ஏத்துக்கிட்டதில்லை, நானும் ஏத்துக்கப் போறதில்லை. ஆனா இன்னிக்கு நீங்க குற்றம் சாட்டப்பட்டவரா வரலை. உங்க பொண்ணுக்குச் சாட்சியா வந்திருக்கீங்க. சாட்சி யாருன்னு தெரியாம நான் ஒரு வரியும் எழுதிக்க முடியாது. உங்க பேர்?" என்றார்.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஒரு நிமிடத்துக்கு மேல் போயிற்று. எழுத்தர் திரை உறைந்துவிட்டதா என்று எட்டிப் பார்த்தார். நீதிபதி அவசரப்படுத்தவே இல்லை.

"கார்னெட் எமில் ஹோல்ம்" என்றீர்கள்.

அத்தை அங்கேயே சத்தமாக அழுதாள். காவலர் வந்து தண்ணீர் கொடுத்தார்.

பிறகு நீங்கள் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் இங்கே எழுதி வைக்கிறேன். இதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை. "தொண்ணூத்தஞ்சு, பிப்ரவரி ஒன்பது. காலைப் பால் கறக்கிற நேரம். ரோடு மூடிக் கிடந்தது. அடுப்புப் பக்கத்துல மெத்தையைப் போட்டேன். கழுத்துல கொடி சுத்தியிருந்தது, ரெண்டு சுத்து. நான்தான் எடுத்துவிட்டேன். நீலமா இருந்தா. அழலை. கன்னுக்குட்டிக்குச் செய்யற மாதிரி வைக்கோலால மூக்கைக் குடைஞ்சேன். தும்மினா. அப்புறந்தான் அழுதா. மாவுத் தராசுல நிறுத்தேன், ஏழு பவுண்டு."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உங்கள் இணைப்பைத் துண்டித்த பிறகு உத்தரவைச் சொன்னார். "சாட்சியோட சட்டக் கருத்துகள் எதையும் இந்த நீதிமன்றம் ஏத்துக்கலை. அவர் கண்ணால பார்த்ததை முழுசா ஏத்துக்குது." பதிவு செய்யச் சொல்லிவிட்டார், அப்பா.

வெளியே வந்து நானும் அத்தையும் ஆளுக்கு இரண்டு பன் தின்றோம். சந்தோஷத்தில் இன்னும் எனக்கு ஓடத் தோன்றுகிறது.

நாளை வியாழக்கிழமை உங்கள் வழக்கு. பெயரைத்தான் சொல்லியாகிவிட்டதே. அங்கேயும் சொல்லிவிட்டு வீட்டுக்கு வாருங்கள். லிண்டி உங்கள் நாற்காலியில் யாரையும் உட்கார விடுவதில்லை.

அன்பு மகள்
சேலா

—

20 ஏப்ரல் 2013

என் கண்ணு சேலா,

சொல்லவில்லை.

வேறு நீதிபதி, வயதானவர். கையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு, "செவ்வாய்க்கிழமை மேல்மாடியில சொல்லியிருக்கீங்களே ஐயா" என்றார். "அன்னிக்கு நின்னது ஒரு அப்பன். அவன் தன் பொண்ணைப் பத்திப் பேச வந்தான். இன்னிக்கு நீங்க என் வண்டியைப் பத்திக் கேக்கறீங்க" என்றேன். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "நீங்க பேசாததாலே வழக்கு நிக்காது" என்று சொல்லி, குற்றத்தை மறுத்ததாக அவரே எழுதிக்கொண்டு விசாரணையை நடத்தினார். போலீஸ்காரர் சொன்னார், பலகையைக் காட்டினார்கள், முடிந்தது. இருபத்தெட்டு நிமிடம். இன்னும் நாற்பது நாள்.

நான் வருத்தப்படவில்லை. நீ உன் தாளை வாங்கிக்கொண்டாய், சரி, நீ பெரியவள். ஆனால் இது உன்னோடு நிற்க வேண்டும். லிண்டி பத்து வயதுக் குழந்தை. அவளை நான் எழுதிக் கொடுக்க மாட்டேன். அவளுக்காக நீங்கள் என்னை இன்னொரு முறை அந்தத் திரை முன்னால் உட்கார வைக்க முடியாது. இதை என் கட்டளையாக எடுத்துக்கொள்.

கழுத்தில் கொடி சுற்றியிருந்ததை உனக்குச் சொல்லாமல் விட்டதற்கு மன்னித்துக்கொள். அன்றைக்கு நான் ரொம்பப் பயந்து போயிருந்தேன்.

அப்பா

—

27 மே 2013

அன்புள்ள அப்பாவுக்கு,

சான்றிதழ் வந்துவிட்டது. மணிக்கட்டைப் படம் எடுத்தார்கள். திரும்ப உடைத்துச் சேர்த்தால் நேராகும் என்கிறார் டாக்டர். ஆகஸ்டில் செய்கிறார்கள். செப்டம்பரில் கல்லூரி. வியாழக்கிழமை நீங்கள் வெளியே வருகிறீர்கள். ஓரின் உங்களை அழைத்து வர வண்டியோடு வருவார். அத்தை காலுறையும் கொடுத்து அனுப்புகிறாள். வீட்டுக்கு வரும் முன்பே இந்தக் கடிதம் உங்களுக்குக் கிடைத்துவிட வேண்டும் என்பதற்காகவே இன்று தபாலில் போடுகிறேன். முகத்துக்கு நேரே சொன்னால் நீங்கள் என்னைப் பேசவிட மாட்டீர்கள்.

உங்கள் கட்டளையை நான் கேட்கப் போவதில்லை.

லிண்டிக்காகப் பெர்னிஸ் அத்தை மனுப் போட்டுவிட்டாள். ஜூன் பதினொன்று, காலை பத்து மணி, அதே நீதிபதி அம்மா. நீங்கள் திரை முன்னால் உட்கார வேண்டாம், ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். லிண்டி பிறந்தபோது எனக்கு எட்டு வயது. பக்கத்து அறையில் இரு என்று சொன்னீர்கள், நான் இருக்கவில்லை. வெந்நீர்ப் பானையை நான்தான் தூக்கிக்கொண்டு வந்தேன். அவள் தலை வெளியே வந்ததைப் பார்த்தேன். அம்மா என் பின்னலைப் பிடித்து இழுத்ததில் மூன்று நாள் தலை வலித்தது. தேதி தெரியும், நேரம் தெரியும், நீங்கள் அழுததும் தெரியும்.

இதையெல்லாம் அந்த அறையில் எழுந்து நின்று சொல்லப் போகிறேன். என் பேச்சை அவர்கள் எழுதிக்கொள்வார்கள், ஏனென்றால் இப்போது நான் யார் என்று அவர்களுக்குத் தெரியும்.

எதிர்த்து மனுப் போட வேண்டும் என்று தோன்றினால் போடுங்கள். சிவப்பு ரேகை வைத்தே போடுங்கள். அந்த அம்மா முழுவதையும் படித்துவிட்டுத்தான் தள்ளுபடி செய்வார். நீங்கள் எனக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தாலும், வெளியே வந்ததும் உங்களோடுதான் வீட்டுக்கு வருவேன்.

லிண்டி தன் நடுப்பெயராக எதைப் போடலாம் என்று நான்கு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறாள். இன்று காலை முடிவு செய்தாள். ஹென்ரிக் என்கிறாள். அது பையன் பெயர் என்று அத்தை சொன்னதற்கு, "அதனால என்ன, எனக்கு வேணும்" என்று தரையில் காலை உதைத்தாள். அப்படியே மனுவில் எழுதிவிட்டோம்.

உங்கள் மகள்
சேலா